செல்வியிடம் கேட்ட கேள்வி

14.8.1979, செவ்வாய்

இன்று தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகவில்லை. மகள் செல்வியை ரிங்லெட் டவுன் கிளினிக்குக் கூட்டிப் போனேன். வயதுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. தோட்டத்து லைன் வீட்டுப் பெண்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். நேற்று நானே அவளைக் கேட்டுவிட்டேன், "யாருடி அவன்?" என்று. அவள் அழவில்லை. "யாரும் இல்லம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

நர்ஸ் எடை பார்த்தார். "ஆரம்பத்துல ரெண்டு மூனு வருசம் முன்னப்பின்னதான் வரும்மா. பிள்ளை ரொம்ப மெலிசா இருக்கு, முட்டை, கீரை கொடுங்க. வர்ற தேதிய எழுதி வைக்கச் சொல்லுங்க. அடுத்த மாசமும் வரலன்னா கூட்டிட்டு வாங்க" என்றார்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். "உண்டாயிருக்காளான்னும் டெஸ்ட் பார்த்துடுங்க மிஸ்ஸி" என்று நர்ஸிடம் சொன்னேன். செல்வி தலையைக் குனிந்தபடி சிறுநீர் பிடிக்கும் குப்பியை வாங்கிக்கொண்டு போனாள். ஒன்றும் இல்லை என்று வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். வீட்டில் முட்டை அவித்து வைத்தேன்.

"இப்ப நம்புறியாம்மா?"

"நம்புறேன்டி."

"மிஸ்ஸி சொன்னதாலதானே" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

அவள் வயதில் எனக்கும் இப்படித்தான் இருந்தது. ஒரு முறை ஐந்து மாதம் வரவில்லை. அது நேற்று ஏன் எனக்கு ஞாபகம் வரவில்லை? காலையில் அவளிடம் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.