நல்வாழ்வு என்று எழுதிய பலகை

ருமியாக்கு,
சோளம் அறுக்கும் மாதம்.

அன்புள்ள தம்பி விர்ஹிலியோவுக்கு,

உன் அக்கா பல்பினா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் குழந்தையும் நலமாயிருக்க நம் மலைகளை வேண்டிக்கொள்கிறேன். தொலைபேசியில் கூப்பிட்டால் உன் அலுவலகப் பெண் எடுத்து, "ஐயா கூட்டத்துல இருக்காரு" என்கிறாள். பாவம், அவள் மேல் தப்பில்லை. சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பள்ளி ஆசிரியர் தலைநகர் கீட்டோவுக்கு வருகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். யாரும் பக்கத்தில் இல்லாதபோது படி.

இந்த வருடம் உருளைக்கிழங்கைப் பனி கருக்கிவிட்டது. மேல்வயலில் மட்டும் கொஞ்சம் தப்பியது. ஆண்துணை இல்லாத வீடு என்று ஊரே சேர்ந்து வந்து தோண்டிக் கொடுத்தது.

உன் அத்தான் எலியாஸ் இன்னும் குவென்கா சிறையில்தான் இருக்கிறார். மற்றவர்களை விட்டுவிட்டார்கள். இவர் பேரில் பயங்கரவாத வழக்கு. பார்க்கப் போனால் சிரிக்கிறார். "பல்பினா, கோழி அறுக்கச் சொன்னாலே எனக்குக் கை நடுங்கும். நான் பயங்கரவாதியாம், கேட்டியா?" என்கிறார். நானும் கூடச் சிரித்துவிட்டு, பேருந்தில் ஏறியதும் அழுவேன்.

தம்பி, நீ புது அரசியல் சட்டம் எழுதும் சபைக்குப் போயிருந்த காலம் நினைவிருக்கிறதா? ஒரு விடுமுறைக்கு வந்து, அம்மா முன்னால் பதிவுக் கருவியை வைத்து, "அம்மா, சுமாக் கவ்சாய்ன்னா என்ன?" என்று கேட்டாய். அம்மா உன்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா வாழறதுன்னா நல்லா வாழறதுதான். இதைக் கேக்கத்தான் உனக்குச் சம்பளம் குடுக்கறாங்களாடா?" என்றாள். நீ விடவில்லை. கடைசியில் சலித்துப்போய்ச் சொன்னாள்: "நம்ம பானையில இருக்கறது பக்கத்து வீட்டுக்கும் வரணும். வாய்க்கால்ல தண்ணி ஓடணும். நேத்து சண்டை போட்டவன் இன்னைக்கு ஏர் பிடிக்க வந்தா மூஞ்சியைத் திருப்பக் கூடாது. வேற என்ன? போ, ஆட்டைக் கட்டு."

அதை அப்படியே நீ சபையில் பேசினாய். ஊர்த்தலைவி ஸோய்லா வீட்டு வாசலில் ஊரே வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. கைதட்டல் கேட்டபோது அம்மா, "என் பேச்சைக் கொண்டுபோய் வித்துட்டான் பாரு, எனக்கு ஒரு ரொட்டிகூட வாங்கித் தரல" என்று சொல்லிவிட்டு சால்வை நுனியால் கண்ணைத் துடைத்தாள். நம் பேச்சு நாட்டின் சட்டத்தில் ஏறிவிட்டது என்று அன்று எல்லோரும் ஆடினோம். எலியாஸ்தான் ரொம்ப ஆடினார்.

பிறகு நீ அமைச்சகத்துக்குப் போனாய். கடைசியாகச் சுகாதார நிலையம் திறக்க வந்தபோது நம் ஆண்கள் போடும் பின்னலை வெட்டியிருந்தாய். அம்மா உன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சுரங்கப் பணம் இல்லாம நல்வாழ்வு எப்படி வரும்? மருத்துவர் எப்படி வருவார்?" என்று நம் மொழியிலேயே பேசினாய். நீ சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஸோய்லாவின் மருமகள் பிரசவத்தில் வண்டி கிடைக்காமல் செத்தாளே, அவளைத் தூக்கிப்போனவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் பெண்கள் எல்லோரும் உன்னைக் கேட்டது ஒன்றுதான்: "மேல ஏரிவரைக்கும் எங்களோட நடந்து வா. சுரங்கம் எங்க தோண்டப் போறாங்கன்னு நீயே பாரு." நேரமில்லை, அடுத்த முறை வருகிறேன் என்றாய். வண்டிக் கதவு சாத்திய பிறகும் அம்மா கையை ஆட்டிக்கொண்டே நின்றாள்.

ஏரிக்குப் போகும் வழியில் சுரங்கக்காரர்கள் வேலி போட்டார்கள். வாசலில் பெரிய பலகை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதல்லவா? என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை. "எல்லோருக்கும் சுமாக் கவ்சாய்னு போட்டிருக்கும்மா" என்றேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். படித்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இது நாம பேசற பேச்சில்ல? இவனுங்களுக்கு யார் குடுத்தா?" என்றாள். நான் அவளைக் கைபிடித்துத் தூக்கினேன். யார் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அதற்குப் பிறகுதான் எலியாஸும் மற்றவர்களும் பாதையில் கல்லைப் போட்டு உட்கார்ந்தார்கள். ராணுவ வண்டி வந்தது. நடந்ததை நீ தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். நீயே அதில் வந்து, நல்வாழ்வைத் தடுக்கும் ஒரு சிலர் என்று சொன்னாய். அந்த ஒரு சிலரில் ஒருவர், நீ சின்னவனாய் இருந்தபோது உன்னை முதுகில் சுமந்து ஆறு கடத்திப் பள்ளிக்கு விட்டவர்.

எலியாஸ் மன்னிப்புக் கேட்டு எழுதினால் வெளியே எடுத்துவிடலாம் என்று நீ ஆள் அனுப்பினாய். நல்ல மனதோடுதான் அனுப்பினாய் என்று நம்புகிறேன். ஊருக்குத் தெரியாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். நான் அவரைக் கெஞ்சினேன். "எழுதிக் குடுத்துட்டு வந்துடு, தனியா என்னால முடியல" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "எழுதறேன் பல்பினா. ஆனா எந்தத் தப்புக்குன்னு எழுதறது? நீ சொல்லு, அதை எழுதறேன்" என்றார்.

சிறையில் பார்க்க விடும் நாளெல்லாம் அம்மாவும் என்னோடு வந்தாள். அவித்த சோளமும் கிழங்கும் துணியில் கட்டி முதுகில் போட்டுக்கொள்வாள். நான் சுமக்கிறேன் என்றால், "என் மருமகனுக்கு நான் கொண்டுபோறேன், உனக்கென்ன?" என்பாள். ஒரு நாள் பெரிய மழை. சிறை வாசலில் நனைந்துகொண்டே வரிசையில் நின்றாள். வீடு திரும்பும்போதே காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. நீ திறந்த சுகாதார நிலையத்துக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் இன்னும் நியமிக்கப்படவில்லை என்று காவல்காரர் சொன்னார்.

தம்பி, அம்மா போய்விட்டாள்.

உனக்குச் சொல்லியனுப்பாததற்கு என்னைத் திட்டு. ஊர்த்தலைவி ஸோய்லா, "என்ன இருந்தாலும் பெத்த பிள்ளை, சொல்லுங்க" என்றுதான் சொன்னாள். அம்மாதான் வேண்டாம் என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே, "சொன்னா அதிகாரிங்களோட வருவான். படம் பிடிக்கறவங்களும் வருவாங்க. அதுக்கப்புறம் ஊர்ல எவனும் அவன் முகத்தைப் பாக்க மாட்டான். என்னைப் பொதைச்சதுக்கப்புறம் சொல்லு. தனியா வரட்டும்" என்றாள். அது உன் மேல் கோபமா, உன்னைக் காப்பாற்றவா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. எலியாஸை அடக்கத்துக்கு விடவில்லை. நீங்கள் இருவரும் தூக்க வேண்டிய இடத்தில் ஸோய்லாவின் மகன்கள் தூக்கினார்கள்.

ஐந்தாம் நாள் துவைக்கும் சடங்குக்கு அம்மாவின் துணிகளை ஆற்றுக்கு எடுத்துப் போனோம். மேலே ஏரிப் பக்கம் பாதை வெட்டுகிறார்கள், தண்ணீர் செம்மண்ணாய் ஓடியது. பெண்கள் மாற்றி மாற்றிக் கும்மினார்கள். பாவாடை, மேல்துணி, போர்வை எதிலும் அழுக்குப் போகவில்லை. ஒருத்தியும் பாடவில்லை. வெயிலில் விரித்துப்போட்டபோது எல்லாத் துணியும் ஒரே மண் நிறமாய் இருந்தது.

அவளுடைய கறுப்புச் சால்வையை மட்டும் நான் நனைக்கவில்லை. பெற்ற மகன் கையால் ஒன்றாவது துவைக்க வேண்டும் என்பது நம் வழக்கம். ஊரார் அதை மடித்து என் கையில் கொடுத்தார்கள். அதில் இன்னும் அடுப்புப் புகை வாசம் இருக்கிறது.

வண்டியைக் கீழே சாலையிலேயே விட்டுவிட்டு நடந்து வா. யாரும் உன்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். எந்தத் தண்ணீரில் அதைத் துவைப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை தம்பி. தெளிந்த தண்ணீர் வேண்டுமென்றால் ஏரிவரைக்கும் ஏறத்தான் வேண்டும். உன்னோடு நானும் ஏறுகிறேன்.

அம்மா இருந்தால் சொல்லக்கூடியதை நான் சொல்கிறேன்: உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, உன் வாசலில் வந்து நிற்பவரை வெறுங்கையோடு அனுப்பாதே. மலைகள் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும்.

உன் அக்கா,
பல்பினா தெனெசாக்கா