ஊறிய மண்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன்.

அண்ணன் குழந்தைக்கென்று நம் வீட்டின் பின்பக்கம் ஓர் அறை கட்டினானே, அதற்காக மேட்டைச் செங்குத்தாக வெட்டியிருந்தான். பார்த்த நாள் முதல் எனக்கு உறுத்தல். இருபத்தாறு வருடம் மண் பரிசோதனைக் கூடத்தில் குப்பை கொட்டியவளால் சும்மா இருக்க முடியுமா, சொன்னேன். ஆபீஸ் வேலையை ஆபீஸோடு விடுங்கம்மா, மண்ணு கல்லு மாதிரி நிக்குது என்று சிரித்தான். நானும் வாயை மூடிக்கொண்டு, வெட்டின இடத்தில் கட்டி குலையாமல் இரண்டு குழாய் நிறைய மண் எடுத்துப் போனேன். எங்கள் கூடத்து இன்ஜினியரிடம் அனுமதி வாங்கி, சனிக்கிழமை அண்ணனையும் வரச் சொன்னேன். உர்ரென்று வந்தான். பள்ளி விட்டு வந்து நீ எட்டி எட்டிப் பார்ப்பாயே, மேல்பாதி கீழ்பாதியென்று பிரிகிற அந்தப் பெட்டி, அதில்தான் மண்ணை வைத்து, மேலே எடை ஏற்றி, ஒரு பாதியைப் பக்கவாட்டில் தள்ளினேன். எவ்வளவு தள்ளினால் மண் வழுக்குகிறது என்று முள் காட்டும். காய்ந்த மண் நன்றாகவே தாங்கியது. நான் சொன்னேன்ல என்று ஒரு பார்வை பார்த்தான். அடுத்து, முந்தின நாளே ஊறவைத்த மண்ணை அதே எடையில் வைத்தேன். முள் பாதிகூட ஏறவில்லை, மண் வழுக்கிவிட்டது. இன்னொரு தடவை பண்ணச் சொன்னான். பண்ணினேன், அதே கதைதான். வீட்டுக்குப் போனதும் தொட்டிலை முன்னறைக்கு மாற்றினான். மேட்டைச் சரிவாக வெட்டி, தண்ணீர் வடிய வழிவிட்டுச் சுவர் எழுப்ப ஆள் பேசினான். ஆளுக்கு முன்னால் மழை வந்துவிட்டது.

மூன்று நாள் விடாத மழை. செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், யாரோ மூட்டையை இறக்கிவைத்த மாதிரி தொம்மென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பின்னறைக் கதவைத் திறக்க முடியவில்லை. வெளியே சுற்றிப்போய்ப் பார்த்தால் ஜன்னல் உயரத்துக்குச் சேறு, தொட்டில் இருந்த மூலையில் சுவரே இல்லை. குழந்தை முன்னறையில் கட்டைவிரலைச் சப்பியபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணி அவளை வாரி எடுத்தவள் சாயங்காலம்வரை கீழே விடவில்லை. அண்ணன் மழையிலேயே நின்றான், கூப்பிடக் கூப்பிட வரவில்லை. பிறகு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் கேக்காம போயிருந்தா..." என்றான். முப்பத்து மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்பாதான் தலை துவட்டிவிட்டார்.

மீதி வீட்டுக்குப் பயமில்லை என்று இன்ஜினியர் பார்த்துச் சொல்லும்வரை அண்ணியின் அம்மா வீட்டில் இருக்கிறோம், ஒரு குளியலறைக்கு ஏழு பேர் வரிசை. நீ பதறிக்கொண்டு டிக்கெட் எடுக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் ஒரு குறையும் அண்டாமல் நீ நீடு வாழவேண்டும், அம்மா அப்பாவுக்கு வேறென்ன வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. இதைத் தன் வாயாலேயே உன்னிடம் சொல்லவேண்டும் என்கிறான் அண்ணன், போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறான். என் கடிதம் முந்திக்கொண்டால், முதன்முதலாகக் கேட்கிற மாதிரியே கேள். அவன் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசாதே.

இப்படிக்கு
உன் அம்மா