நின்றுகொண்டே போன றெயில் பயணம்

வங்காலை,
12.08.2025

அன்பு மகள் சுவேதினிக்கு,

ஆண்டவருடைய கிருபையால் அம்மாவும் நானும் சுகமாக வந்து சேர்ந்து பத்து நாளாகிறது. உன் சுகத்தை விசாரிக்கத் தேவையில்லை, இரண்டு மாதம் நோர்வேயில், உன் பேர்கன் நகரத்தில் கண்ணாலேயே பார்த்துவிட்டோம், இராச் சாப்பாடு மட்டும்தான் போதாது. போனில் உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்தது வாயில் வராது, அதனால்தான் எழுதுகிறேன். மழையில் பிடித்த அம்மாவின் தடிமன் இங்கத்தைய வெயிலில் ஓடிவிட்டது. மன்னார் பஸ் நிலையத்தில் கழுதை ஒன்று நீ தந்த சொக்லேட் பையில் வாய் வைத்துவிட்டது, மிச்சத்தைத்தான் சொந்தக்காரருக்குப் பங்கிட்டோம்.

நீ ஓட்டுகிற அந்தத் தெரு றெயிலில் நான் முதல் நாள் ஏறியதை நினைத்து இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருப்பாய். உன் அறைக்குப் பின்னால் ஆசனம் வெறுமையாகக் கிடந்தது, மேலே கோல் பிடித்த ஆளின் படம். எங்கள் பஸ்ஸிலே டிறைவருக்குப் பின்னால் உள்ள ஆசனம் மதகுருமாருக்குத்தானே, இந்த ஊரில் கோல் பிடித்த ஆயரே இதில் வருவார் போலும் என்று நினைத்து நான் அந்த ஆசனத்தில் இருக்கவில்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண் இரு இரு என்று கை காட்டினாள், நான் நெஞ்சில் சிலுவை போட்டுக் காட்டினேன், அவள் பயந்து போனாள். கடைசித் தரிப்பான விமான நிலையம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். இறங்கிய பிறகுதான் நீ, அது பொல்லுப் பிடிக்கிற வயதானவர்களுக்கு அப்பா, உங்களுக்குத்தான் என்றாய்.

ஆனால் மகள், நின்றதால்தான் கண்ணாடிக்குள்ளால் உன்னைப் பார்த்தேன். சைக்கிளில் ஒருவன் குறுக்கே வந்தான், நீ பதறவில்லை, கை மெல்ல அசைந்தது, றெயில் நின்றது. கம்பியைப் பிடிக்காமல் நின்ற நான் ஒரு அடிகூடத் தள்ளாடவில்லை. நாற்பது வருடம் படகு ஓட்டியவன் நான், எனக்கு அந்தக் கை தெரியும்.

புறப்பட்ட அன்று, ஊரில என்னைப் பற்றி என்ன சொல்லப் போறீங்கள் அப்பா என்று நீ கேட்டாய், நான் பாஸ்போட்டைத் தேடுவதுபோல் நடித்தேன். இரண்டு வருடமாக நீ கந்தோரில் மேசை வேலை என்றுதான் எல்லாருக்கும் சொல்லி வந்தேன். பொம்பிளைப் பிள்ளை வண்டி ஓட்டுகிறாள் என்று சிரிப்பார்களோ என்ற பயம். படகுக் கூட்டாளி றெனால்டிடம் முதலில் உண்மையைச் சொன்னேன். கடலில போறவன்ர மகள் றெயில் ஓட்டினா என்ன குறை, பொய் சொன்ன நீதான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேணும் என்றான். போனேன்.

போன ஞாயிறு நன்றித் திருப்பலிக்கு எழுதிக் கொடுத்தோம். பங்குச் சுவாமி பூசைக்கு முன் எங்கள் கருத்தை வாசித்தார், நோர்வேயில் றெயில் ஓட்டுநராகக் கடமையாற்றும் சிங்கராசா செலீனா தம்பதிகளின் மகள் சுவேதினிக்காக என்று. கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மா அழுதாள், நான் தலை குனியவில்லை. வெட்கப்பட்டது உன் வேலையால் அல்ல, என் புத்தியால். அப்பாவை மன்னித்துக்கொள்.

விடியற்காலை வேலை என்றால் வெறும் வயிற்றோடு போகாதே. செபமாலையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள். மாதா உன்னோடும், உன் வண்டியில் ஏறுகிற அத்தனை பேரோடும் இருப்பாராக.

இப்படிக்கு,
றெயில் ஓட்டுநர் சுவேதினியின் அப்பா,
சிங்கராசா