சத்தம் வராத வண்டி

2025 நவம்பர் 4, செவ்வாய்

என் கரண்ட் லோடு வண்டி வந்து ஒரு வாரம். ஒரு சார்ஜுக்கு நூற்றைம்பது கி.மீ. என்று விற்றவன் சொன்னான். லோடு ஏற்றினால் நூற்றைந்துதான். ஏமாற்றமில்லை, நான் போட்ட கணக்கும் அதுதான்.

கி.மீ.க்கு கரண்ட் செலவு ரூபாய் 1.80. அப்பாவின் டீசல் பிக்கப்புக்கு ஆறரை, அதுவும் ஒழுங்காக ஓடுகிற நாளில். பெருமையாகச் சொன்னேன். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கேட்டார்: "தவணையையும் அதுல சேத்தியா?"

சேர்க்கவில்லை.

எனக்கும் அப்பாவுக்கும் பேச்சு இதுதான். பழைய டீசலுக்கு ஜனவரியில் எஃப்.சி. தகுதிச் சான்று எடுக்கணும். இன்ஜின் வேலை நிறைய இருக்கிறது. வீட்டில் இரண்டு வண்டி தாங்காது. பொங்கலுக்குள் என் வண்டி தன் தவணையைத் தானே சம்பாதித்தால் பழசை விற்றுவிடலாம். இல்லாவிட்டால் இதை விற்றுவிட்டு நான் மறுபடியும் ஒரகடம் ஃபேக்டரிக்கு. அந்த ஷிஃப்ட், அந்த கேன்டீன் சாம்பார். மாட்டேன்.

அப்பா இன்னும் என் வண்டியில் ஏறவில்லை. "பொம்ம வண்டி. வெளிய நின்னே பாத்துக்கறேன்."

நவம்பர் 5

வீட்டு பிளக்கில் முழுசாக ஏற எட்டு மணி நேரம். பக்கத்தில் நின்று பார்த்தால் சீக்கிரம் ஏறாது என்று எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்த எனக்குத் தெரியும். நின்றேன்.

நவம்பர் 10, திங்கள்

ரைஸ் மில் ரங்கசாமி ஒன்றரை டன் மூட்டை ஏற்றச் சொன்னார். எழுநூறு கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டேன் என்றேன்.

"உங்கப்பா ரெண்டு டன்னே ஏத்துவாரு."

"அதனாலதான் அந்த வண்டி அப்படி இருமுது."

லோடு போச்சு. வாயைக் கொஞ்சம் மூடியிருக்கலாம்.

நவம்பர் 14, வெள்ளி

பட்டுதான் சரி! கனமில்லை, தூரமில்லை. எங்கள் சேவூரில் ஜவுளி வியாபாரி பரசுராமன் லோடு கொடுத்திருக்கிறார். சாயம் போட்ட நூல் உள்ளே, நெய்த சேலை ஆரணிக் கடைகளுக்கு வெளியே. தினமும் இரண்டு நடை.

"சார்ஜ் இங்கயே போட்டுக்கோ தம்பி. தறிக்குக் கொடுக்கற ஃப்ரீ கரண்ட்தான்."

"அது தறிக்குங்க. வண்டிக்கு இல்ல."

முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு அப்பா பெயரைச் சொல்லிச் சிரித்துவிட்டார். "தாவீது புள்ளதான்டா நீ."

நவம்பர் 19, புதன்

நாசம்.

மழை விட்டு இன்றுதான் நெசவுத் தெருவில் பாவு நீட்டினார்கள். விடியற்காலையில் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தறியில் ஏற்றப்போகிற பட்டு நூல், பெருக்கல் குறி மாதிரி நிற்கிற மூங்கில் கால்கள் மேல். கஞ்சி போட்ட ஈர நூலில் டீசல் புகை பட்டால் சந்தனக் கலரெல்லாம் அழுக்காகிவிடும். அதனால் பாவு சுருட்டுகிற வரை எந்த வண்டிக்கும் அனுமதி இல்லை. ஒன்பது மணி வரை எல்லா டிரைவரும் தெருமுனையில் டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள்.

என் வண்டியில்தான் புகையே கிடையாதே, நான் ஏன் நிற்கணும்? ஓரமாக இடம் இருந்தது. நுழைந்தேன்.

திலகவதி அக்கா நூலைச் சரிபார்த்தபடி பின்பக்கமாக நடந்து வந்தார். அந்தத் தெருவில் பாவு என்றால் அவர் வைத்ததுதான் சட்டம். நான் நிறுத்திவிட்டேன். சத்தியமாக நிறுத்திவிட்டேன். அவர் நிறுத்தவில்லை. முதுகு பம்பரில் இடித்தது, பதறிப்போய் நூலைப் பிடித்தார். ஒரு கொத்து அறுந்தது.

"பூனையாடா நீ? வண்டின்னா ஒரு சத்தம் வாணாம்?"

"அஞ்சு கிலோமீட்டர் ஸ்பீடுதான் அக்கா—"

"ஸ்பீடு பேசிகினு நிக்கறான் பாரு! உக்காரு. நுனியைப் பிடி."

தெருக்காரர்கள் ஒவ்வொரு இழையாகப் பிணைக்க, நான் நுனியைப் பிடித்துக்கொண்டு வெயில் ஏறும்வரை தெருவில் உட்கார்ந்திருந்தேன். இனி என் வண்டி தெருவுக்குள் வரக்கூடாதாம், ஒன்பது மணிக்கு மேலும். பரசுராமனும் "தெரு சொல்லிட்டா நான் இன்னா பண்றது தம்பி" என்றுவிட்டார்.

ஏன்டா ஹார்ன் அடிக்கல? அவசரம். வேற இன்னா.

நவம்பர் 20

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. திட்டுவார் என்று பார்த்தேன். சோற்றை விழுங்க முடியாமல் சிரித்தார். "வண்டிக்கு சத்தமே இல்ல. ஓட்டறவன் வாய் மட்டும் போளூர் வரைக்கும் கேக்குது."

நவம்பர் 24, திங்கள்

முதலில் பீப்-பீப் மாட்டிப் பார்த்தேன். நாலு தெரு நாய்களும் பின்னாலேயே வந்தன.

பிறகு ரிவர்ஸ் மியூசிக். குல்ஃபி வண்டி என்று பிள்ளைகள் காசோடு ஓடி வந்தார்கள். குல்ஃபி இல்லை என்றதும் ஒரு பெண் குழந்தை அழுதது. அதற்கு ஐந்து ரூபாய் குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். இன்றைய வரவு பூஜ்யம், செலவு ஐந்து.

நவம்பர் 27, வியாழன்

வெங்காயம் விற்கிறவர்கள் வண்டியில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் வாங்கினேன். "கவனிக்கவும். மின்சார வாகனம் வருகிறது" என்று நானே பேசிப் பதிந்தேன்.

அம்மா: "கடன் வசூல் பண்ண வந்தவன் மாதிரி கீதுடா."

அப்பா பேப்பரை மடித்தார். "கொண்டா இங்க."

எங்கள் சர்ச் தேர்பவனிக்கு ரொம்ப வருஷமாக மைக் அவர் கையில்தான். எவ்வளவு கூட்டமானாலும் ஒதுக்கிவிடுகிற குரல். தொண்டையைச் செருமினார்.

"எம்மா… ஓரம் வாம்மா… வண்டி வருது, சத்தம் வராது… புகையும் வராது… பாவு பத்திரம்மா…"

எனக்குப் புல்லரித்துவிட்டது. "ஓகே, வால்யூம் போதும்" என்று மட்டும் சொன்னேன்.

டிசம்பர் 1, திங்கள்

தெருமுனையில் நின்று ஸ்பீக்கரைப் போட்டேன். பாவு பிடித்திருந்த எல்லாத் தலையும் திரும்பியது.

"தாவீது அண்ணன் குரலாச்சே! தேரு எங்கடா?" என்றார் திலகவதி அக்கா. தெருவே சிரித்தது. நானும்.

கிட்டே வந்து குனிந்து வண்டியின் அடியில் பார்த்தார். "இன்னாடா, புகைக் குழாயே காணோம்!" நம்பவில்லை. வெள்ளைத் துணி ஒன்றை வண்டிக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார், தெருக் கோடி வரை. துணி வெள்ளையாகவே இருந்தது.

"சரி வா. நான் கை காட்டினா வரணும். காட்டலன்னா நிக்கணும்."

நடுவில் இரண்டு தடவை நின்றேன். நான்!

ஆரணியில் கடை திறக்கும்போது சேலைக் கட்டோடு வாசலில் இருந்தேன். டீசல்காரர்கள் அப்போதும் முனையில் டீ குடித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

டிசம்பர் 12, வெள்ளி

தை மாசக் கல்யாண வேலை. பரசுராமன் பழையபடி, அவரைப் பார்த்து இன்னும் இரண்டு வியாபாரிகள். எல்லாருக்கும் காலையிலேயே வேண்டும். காலையில் தெருவுக்குள் போகிற வண்டி என் வண்டி மட்டும்தான்.

எத்தனை ராத்திரி கணக்குப் போட்டிருப்பேன். கரண்ட், டயர், இன்சூரன்ஸ், ஆயில் மாற்ற வேண்டாம் என்பதுவரை. புகை இல்லாததற்கு லோடு வரும் என்று ஒரு வரி எழுதவில்லை.

டிசம்பர் 18

"'பத்திரம்மா'ல இழுத்துட்டேன்டா. மாத்திப் பதியணும்," என்கிறார் அப்பா. இது மூன்றாவது தடவை. பேஜார்.

டிசம்பர் 25, கிறிஸ்துமஸ்

திலகவதி அக்கா வீட்டுக்குக் கேக் கொண்டுபோனேன். பதிலுக்கு ஒரு பை முறுக்கு. "அண்ணனுக்கு. தொண்டைக்கு இதமா டீயோட சாப்பிடச் சொல்லு."

ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் கிடையாதாம்.

2026 ஜனவரி 6, செவ்வாய்

டிசம்பர் தவணை, ஜனவரி தவணை, இரண்டும் வண்டிக் காசிலேயே கட்டியாச்சு. குறையும் எழுதிவைக்கிறேன்: அரிசி லோடு இதற்கு ஆகாது. போளூர் போய் அங்கே சுற்றி வந்தால் மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. ஆனாலும் மிச்சம் நிற்கிறது.

அப்பாவிடம் காட்டினேன். "ம்" என்றார்.

'ம்' என்றால் இன்னா அர்த்தம்?

ஜனவரி 12, திங்கள்

நேற்றிலிருந்து ஸ்பீக்கர் கரகர. கழற்றி மேசைமேல் வைத்திருந்தேன். காலையில் எழுந்து வந்தால் வாசலில் வண்டி இல்லை. சுவரில் வயர் தொங்குகிறது.

"ஜல்தியா போகணும்னு கிளம்பினாருடா" என்கிறார் அம்மா. வேறு எதுவும் சொல்லாமல் சிரிக்கிறார்.

போனில் வண்டியின் சார்ஜைப் பார்த்தேன்: 81 சதவீதம். முழுசாக ஏறவிடாமல் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். எனக்குப் பொறுமை இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்கிற மனுஷன்!

மேசையில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் டீசல் வண்டிச் சாவி. கூடவே ஆர்.சி. புக், ரப்பர் பேண்ட் போட்டு.

இதை எழுதும்போதே இரண்டு தெரு தள்ளிக் கேட்கிறது: "எம்மா… ஓரம் வாம்மா… வண்டி வருது, சத்தம் வராது…"

ஸ்பீக்கர் என் மடியில் இருக்கிறது.