கடைசி இரண்டு இலக்கங்கள்

கொட்டாஞ்சேனை
03.06.2025

அன்புள்ள கார்த்திகனுக்கு,

நான் சுகம். அக்கா வீட்டில் இட நெருக்கடி, ஆனாலும் மூச்சு விட முடிகிறது. ஃபோனில் கதைத்தால் திரும்பவும் சண்டை வரும். அதனால்தான் இந்த மின்னஞ்சல்.

என் நீலச் சுழிப் படத்தைக் கண்காட்சிக்கு எடுத்துவிட்டார்கள்! எனக்கு இன்னும் நம்பேலாமல் இருக்கிறது. சுவரளவில் அச்சடிக்க வேண்டுமாம். என்னிடம் இருப்பதோ ஃபோனில் கிடக்கும் சின்னப் பிரதி, பெருப்பித்தால் கட்டம் கட்டமாக உடைகிறது. கணக்கைப் படமாக்கும் அந்தப் பிராக்டல் மென்பொருளில் அதே இடத்துக்குப் போய்ப் புதிதாகப் பெரிய அளவில் எடுக்க வேண்டும். அந்த இடத்தைக் காட்டும் X, Y எண்களும் சூம் அளவும் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக் கணினியில் இருக்கின்றன. தயவுசெய்து அனுப்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

துஷ்யந்தி


வெள்ளவத்தை
04.06.2025

அன்பின் துஷி,

வாழ்த்துகள். நீர் போன நாளிலிருந்து கடைச் சாப்பாடுதான், வயிறு ஒத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கு விருந்தாளிகளுக்கு முன்னால் "படத்தைக் கம்பியூட்டர் கீறுது, இவ சும்மா பட்டனை அமத்துறா" என்று நான் சொன்னது பகிடிக்கு. அதற்கு உடுப்புப் பெட்டியோடு வெளிக்கிடுவதா? நீர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான்.

கணினி எங்கேயும் ஓடிவிடாது. வீட்டுக்கு வாரும், இங்கேயே இருந்து எடும்.

உம்முடைய
கார்த்திகன்


கொட்டாஞ்சேனை
05.06.2025

கார்த்திகன்,

நான் கேட்டது எண்களை. வீட்டுக்கு வருவதும் வராததும் வேறு கதை, இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தவள் நான். நாளைக்குக் கொடுக்காவிட்டால் வேறு ஒருவரின் படத்தை மாட்டிவிடுவார்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

துஷ்யந்தி


வெள்ளவத்தை
05.06.2025

கோபக்காரிக்கு,

சரி, தோற்றேன். எண்களைப் பார்த்து எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். சரிவராவிட்டால் உடனே கோல் எடும். காரைக் கொண்டுவந்து கூட்டிப்போகிறேன்.

கார்த்திகன்


கொட்டாஞ்சேனை
06.06.2025

கார்த்திகனுக்கு,

எண்களைப் போட்டேன். திரை முழுக்கக் கறுப்பு.

இட்டரேஷன் காணாதாக்கும் என்று நினைத்தேன். கணக்கு எத்தனை தரம் திரும்ப ஓட வேண்டும் என்று சொல்லும் எண் அது, ஆழத்துக்குப் போகப் போகக் கூட்ட வேண்டும். கூட்டினேன், இன்னும் கூட்டினேன், கறுப்பு மாறவில்லை. நிறப் பட்டியையும் தள்ளிப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது. "அவருக்கு ஒருக்கா கோல் எடுத்துக் கேளன்" என்று அக்கா சொன்னா. ஃபோனைக் கையில் எடுத்தும் விட்டேன்.

பிறகு கடைசியாகச் சூமைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தேன். ஓரத்தில் என் சுழி! அதை நடுவுக்கு இழுத்து, மெல்ல மெல்லக் கிட்டப் போய், கோணத்தையும் திருப்பிச் சரிசெய்தேன். அங்கே காட்டிய எண்களை நீங்கள் அனுப்பியவற்றோடு ஒப்பிட்டேன். X இல் கடைசி இரண்டு இலக்கங்களும் இடம் மாறியிருக்கின்றன. Y இலும் அப்படியே. அவ்வளவு ஆழத்தில் அதுவே வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடும். கை தவறினால் ஒன்றில் தவறும், இரண்டிலும் ஒரே மாதிரித் தவறுமா?

நான் உங்களுக்குக் கோல் எடுக்க வேண்டும் என்பதற்காக என் படத்தையே இல்லாமல் செய்யப் பார்த்தீர்கள். எவ்வளவு துணிவு உங்களுக்கு! பகிடியை நான் எப்போதோ மறந்திருப்பேன்.

படம் அச்சுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்கு வருவதாக இருந்தேன், அக்காவிடமும் சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்காமலே வந்திருப்பேன்.

இனி வரமாட்டேன்.

துஷ்யந்தி