ஜூலியும் மக்ரூன் டப்பாவும்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே மேல்காற்று. உப்பளத்துப் பக்கமிருந்து ஒரே புழுதி. இந்தக் காற்றில் மூக்கு வேலை செய்யுமா என்று எனக்குக் கவலை, ஜூலிக்கு இல்லை. கருவாட்டுக் கூடை, வெங்காயக் கூடை, பழைய வலை எல்லாம் வரிசையாக. ஒன்றுக்குள் மட்டும் காய்ந்த கடல் அட்டை. வாலாட்டிக்கொண்டே போனாள். சரியான கூடை முன் உட்கார்ந்தாள். பந்து கொடுத்தேன். மூன்று வாரமாக இதே வேலை. அலுக்கவே இல்லை.

வடநாட்டில் பழகின நாய். இந்தியில் "பைட்" என்றால் டக்கென்று உட்காருவாள். "உக்காருளா" என்றால் யாரிடமோ பேசுகிறேன் என்று நினைத்துத் திரும்பிப் பார்க்கிறாள்.

பயிற்சி தருபவர் காவ்யா மேடம் (இனி கா.மே.), கோயம்புத்தூர்க்காரர். என் மூத்த மகளை விடக் கொஞ்சம் பெரியவர். இன்று "நல்லா பண்றா" என்றார். என்னையே சொன்ன மாதிரி எனக்கு வெட்கம்.

அடுத்த வாரம் வெள்ளி தேர்வு. தேறினால் ஜூலி என்னோடு இங்கேயே, துறைமுகத்திலும் சரக்குக் கிட்டங்கிகளிலும். பிடிக்கத் தடையுள்ள அட்டையைக் கருவாட்டு மூட்டைக்குள் புதைத்துத்தான் கடத்துகிறார்கள். கடலடி மண்ணைத் தின்று சுத்தம் பண்ணிக்கொண்டு சிவனே என்று கிடக்கிற ஜீவன், அதையும் விட மாட்டேன் என்கிறார்கள். தேறாவிட்டால் ஜூலி வேறு ஊருக்கு. நான் பழையபடி வனத்துறைச் சோதனைச் சாவடியில் லாரி மறித்துக்கொண்டு. நினைக்கவே பிடிக்கவில்லை.

வாங்க: பந்து (கிழித்துவிட்டாள்). உண்ணி மருந்து. வீட்டுக்காரி ஜெசிக்குத் தைலம்.

ஜூலை 8, செவ்வாய்

மானம் போன நாள்.

பயிற்சி இன்று நிஜக் கருவாட்டுக் கிட்டங்கியில். ஒளித்து வைத்தது கா.மே.; அட்டையும் அவர் கொண்டுவந்தது. எங்கே என்று எனக்கும் தெரியாது, இசக்கிக்கும் தெரியாது. (ஜூலியை என்னோடு பார்த்துக்கொள்கிறவன். குலசேகரன்பட்டினம். எழவு வீட்டிலும் சிரிப்பான்.)

நெத்திலி மூட்டை தாண்டினாள். சாளை தாண்டினாள். அட்டை இருந்த மூட்டையையும் தாண்டினாள். நேரே மேசைக்குப் போய், கா.மே. கைப்பை முன்னால் ஜம்மென்று உட்கார்ந்தாள். பந்து எங்கே என்று என்னைப் பார்க்கிறாள்.

பைக்குள், ஊருக்குக் கொண்டுபோக வாங்கின முந்திரி மக்ரூன்.

"அண்ணாச்சி, மேடத்தையே புடிச்சிட்டாள்லா" என்றான் இசக்கி. மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கா.மே. சிரிக்கவில்லை. சாம்பிளை எதில் வைக்கிறீர்கள் என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னேன். பயிற்சிக்குக் கொடுத்த கண்ணாடி ஜாடி முதல் நாளே என் கையில் உடைந்தது. காற்றுப் புகாத மூடி ஆயிற்றே என்று வீட்டிலிருந்து ஒன்றை எடுத்து வந்தேன். ஜெசி மக்ரூன் போட்டு வைக்கிற டப்பா. சோப்புப் போட்டுத்தான் கழுவினேன்.

"நாய்க்கு அது கழுவுன டப்பா இல்லீங்க சார்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

ஆக, இவ்வளவு நாளும் அவள் படித்தது அட்டையும் மக்ரூனும் கலந்த ஒரு வாடை. கிட்டங்கியின் கருவாட்டு நாற்றத்தில் அட்டை அமுங்கிப்போக, மக்ரூன் மட்டும் தனியே தெரிந்திருக்கிறது. அவள் மேல் தப்பே இல்லை. சொல்லிக் கொடுத்ததை ஒழுங்காகப் படித்திருக்கிறாள். வாத்தியார்தான் மடையன்.

ஜெசியிடம் சொன்னேன். ஆறுதல் சொல்லுவாள் என்று பார்த்தால், "அந்த டப்பாவத்தான் வீடு பூரா தேடுனேன். கேட்டா தெரியாதுன்னு சொன்னீய." அதற்குத் தனி வசவு.

ஜூலை 9, புதன்

காற்று குறையவில்லை. எல்லாம் முதலிலிருந்து. புது ஜாடி, புது உறை, புது அட்டை. பழையதெல்லாம் குப்பைக்கு.

ஒரு கூடையில் அட்டை. ஒரு கூடையில் வெறும் மக்ரூன். மக்ரூன் முன் உட்கார்ந்தால் பந்து இல்லை. உட்கார்ந்தாள். கொடுக்கவில்லை. இன்னும் நிமிர்ந்து, இன்னும் அழகாக உட்கார்ந்து காட்டினாள். கொடுக்கவில்லை. முனகினாள். நேற்று வரை சரி, இன்றைக்குத் தப்பு என்றால் அந்த வாயில்லாத ஜீவன் என்ன பண்ணும்? மத்தியானம் சோறு இறங்கவில்லை.

ஜூலை 12, சனி

தினமும் மக்ரூன் வாங்குவதைப் பார்த்துவிட்டு, வீட்டில் என்ன விசேஷம் என்கிறார் பேக்கரி அண்ணாச்சி. நாய்க்கு என்றேன். முகம் போன போக்கு!

கடைசிச் சுற்றில் மக்ரூனை மோந்துவிட்டுத் தாண்டினாள். அட்டை முன் உட்கார்ந்தாள். இசக்கி விசிலடித்தான். எனக்கும் அடிக்கத் தோன்றியது, வயது தடுத்தது.

ஜூலை 18, வெள்ளி

தேர்வு. அதே கிட்டங்கி. சென்னையிலிருந்து ஓர் அதிகாரி. கட்டளை தவிர நான் வாய் திறக்கக் கூடாது. நாய் உட்கார்ந்தால் கை தூக்க வேண்டும். ஒரே ஒரு தடவைதான்.

உள்ளே போகுமுன் கா.மே. காதருகே வந்து, "ஒரு மூட்டையில மக்ரூனும் வச்சிருக்கேன். எதுலன்னு சொல்ல மாட்டேன்" என்றார். நல்ல பிள்ளை!

இரண்டாம் வரிசையில் நின்றாள். வால் நின்றது. பின்னங்கால் மடங்குகிறது. என் முகத்தைப் பார்க்கிறாள். மக்ரூனா அட்டையா, எனக்கு எப்படித் தெரியும்? என் மூஞ்சியைப் பார்த்து அவள் எதுவும் முடிவு பண்ணிவிடக் கூடாது. கூரையில் இருந்த காக்கையைப் பார்த்தேன். மாதாவே என்று மட்டும் மனசுக்குள்.

எழுந்து போய்விட்டாள். விட்டுப் போனது அட்டையாக இருந்தால் கதை முடிந்தது.

கடைசி வரிசை, மூலை மூட்டை. உட்கார்ந்தாள். அசையவில்லை. கை தூக்கினேன்.

அதிகாரி மூட்டையை அவிழ்த்தார். நெத்திலி. இன்னும் நெத்திலி. முழங்கை வரை விட்டுத் துழாவினார். அடியில் பொட்டலம். கறுப்பாக, கட்டையாக, அட்டை.

பந்தைக் கொடுத்தேன். கண் கலங்கிவிட்டது. புழுதி என்று இசக்கியிடம் சொன்னேன். அவன், ஜூலி தாண்டி வந்த மூட்டையைப் பிரித்து, மக்ரூனை எடுத்து வாயில் போட்டு, கருவாடு நாறுது என்று துப்பிக்கொண்டிருந்தான்.

ஜெசிக்கு போன். ஜூலி இனி இங்கேதான் என்றேன். மூக்கை உறிஞ்சுகிற மாதிரி கேட்டது. பிறகு, "அப்ப என் டப்பா திரும்பி வந்துரும்லா?"

குப்பைக்குப் போனதை இன்னும் சொல்லவில்லை.