குடையைத் தைத்தவள்

மார்ச் 3
பழைய குடையின் துணியைப் பிரித்தேன். கம்பி மூன்று வளைந்திருக்கிறது, ஐந்து தேறும். படத்தில் கடலுக்கு, நான் தைக்கும் கடையில் மிஞ்சிய லைனிங் துணி. அலை நுனிக்கு ஜிப். பிளைவுட்டில் பசை அதிகமானால் துணி சுருங்குகிறது.

மார்ச் 6
குடையில் ஏறிக் கடல் தாண்டும் வாத்தின் கதை. மகளுக்கு அந்தப் புத்தகம்தான். நான் தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள். அவள் போய் ஐந்து மாதம். அவள் படித்த பள்ளி நூலகத்தில் மாட்ட அவள் நினைவாக ஒரு துணிப்படம் செய்து தருகிறேன் என்று நானாகத்தான் போய்ச் சொன்னேன்.
கடையில் பட்டன் வைக்கும் அக்கா வாத்துக்குக் கண் கொடுத்தாள். "ரெண்டும் வேற வேற கலர்டி."
"ஒரு கண்ணுதானேக்கா தெரியும்."
"அப்ப எதுக்கு ரெண்டு கேட்ட?"
ரெண்டையும் வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 11
படத்தில் தையல்காரியை முடித்தேன். நடுக்கடலில் பாறைமேல் உட்கார்ந்து கிழிந்த குடையைத் தைக்கிறாள். வாத்தைவிடப் பெரிசு. மகள் இந்த இடத்தைத்தான் நீட்டி நீட்டிப் படிப்பாள். வீட்டுக்காரர் பார்த்தார். நூல் துண்டுகளைக் கூட்டினார். இப்போதெல்லாம் நிறையக் கூட்டுகிறார்.

மார்ச் 14
நூலக டீச்சர் வீட்டுக்கு வந்தார். "அருமையா இருக்கும்மா. ஆனா இந்தத் தையல்காரி யாரு? கதையில கிடையாதே."
இருக்கு என்றேன். கேட்டுக் கேட்டு மனப்பாடம், எனக்கா தெரியாது?
"பிள்ளைங்க புத்தகத்தை வெச்சுப் பார்ப்பாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அவளை மட்டும் எடுத்துடுங்க."

மார்ச் 15
இதுவரை காதால் கேட்டதுதான், இப்போது நானே படிக்கிறேன். நாலு பக்கம்.

மார்ச் 18
குடை கிழியும் இடம் வந்தது. வாத்து மெழுகு வைத்து அடைக்கிறது. மூன்றே வரி.
பக்கம் ஏதும் ஒட்டிக்கிச்சான்னு பிரிச்சுப் பார்த்தேன். இல்ல.
அப்ப தையல்காரி வாத்தைத் திட்டுற அந்தத் திட்டு? "எங்க போய் கிழிச்சுட்டு வந்த? துணி என்ன மரத்துலயா காய்க்குது?" — அது நான் திட்டுறது. கழுதை, என்னையே எனக்குப் படிச்சுக் காட்டியிருக்கா. நானும் ஊசியை வெச்சுட்டுச் சிரிச்சிருக்கேன். ஒரு தடவைகூடவா தெரியல?

மார்ச் 19
தையல்காரியைப் பிரிக்கக் கத்தரி எடுத்தேன். எடுத்தபடி உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் கேட்டார், சொன்னேன்.
"தெரியும். என்கிட்ட சொல்லியிருக்கா."
"இத்தனை நாள் எங்கிட்ட சொல்லலையே?"
"அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பான்னா."

மார்ச் 20
பிரிக்கவில்லை. அப்படியே கொண்டுபோனேன். நடந்ததைச் சொன்னேன். டீச்சர் படத்தைக் கையில் வாங்கினார். பிறகு ஆணி தேடப் போனார்.

ஏப்ரல் 2
வாத்தின் மூக்கு உரிந்துவிட்டதாம், பள்ளியில் கூப்பிட்டார்கள். ஒட்டும்போது ஒரு சின்னப் பெண் வந்து நின்றாள்.
"இந்தத் தையல்காரி எந்தப் பக்கத்துல வர்றா?"
"புத்தகத்துல இல்ல. எம் மக சொன்னது."
"என்ன சொன்னா?"
பசை காய அரை மணி நேரமாகும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.